இயன்றவரை

என் வேலை தட்டச்சு, அவ்வளவுதான்.
போர்ட் லூயி, அமைச்சகத்தின் நாலாம் மாடி,
குளிர்ப்பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி.
அமைச்சர்கள் மாறுவார்கள்.
நாற்காலி முதுகில் தொங்கும் என் கம்பளிச் சட்டை மாறாது.

மார்ச்சில் வந்தது முதல் வரைவு:
கடலேறும் கோட்டிலிருந்து நாற்பத்தைந்து மீட்டருக்குள்
எவரும் எதையும் கட்டக் கூடாது.
தமிழில் சொன்னால் எட்டே சொல்.
எனக்கே புரிந்தது.

ஏப்ரலில் ஹோட்டல்காரர் சங்கம் வந்தது.
மிரட்டலா, பெட்டியா? அதெல்லாம் இல்லை.
நாலு பேர், சலவைச் சட்டை, வழவழப்பான ஒரு புத்தகம்:
எத்தனை படுக்கை, எத்தனை விமானம், எத்தனை பேருக்குச் சோறு.
பொய்க் கணக்கென்று சொல்ல மாட்டேன்.
அந்தப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் இயந்திரத்தருகேதான்
என் வீட்டுக்காரர் விமலென் பத்து மணி நேரம் நிற்கிறார்.

சிமெண்ட் இறக்குவோர் வந்தார்கள்.
உல்லாசப் படகுக்காரர்கள் வந்தார்கள்.
எங்கள் கோயில் சம்மேளனமும் வந்தது, பூசத்துக்கு முந்தின வாரம்,
மாலையோடு.
கேட்டது ஒரு வாகன நிறுத்துமிடம். கிடைத்தது.
அந்த மாலையில் பாதி நான் கோத்தது.

கதவு எல்லோருக்கும் திறந்ததுதான்.
லிஃப்டுக்கு மட்டும் ஓர் அட்டை வேண்டும்.

மே மாதம் செயலாளர் சின்னத்தம்பூ
வரைவைத் திருப்பித் தந்தார்.
நாற்பத்தைந்து அப்படியே இருந்தது.
ஓரத்தில் பென்சிலில், பூனை நடைபோல, ஆங்கிலத்தில் இரண்டு சொல்.
என் சனிக்கிழமை வகுப்புத் தமிழில் ஒன்றே ஒன்று:
இயன்றவரை.

அழித்திருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள்.
இது சேர்ப்பு.
சேர்த்தால் சத்தம் வராது.

ஜூனில் கருத்துக் கேட்பு.
அரசிதழில் எட்டாம் பக்கத்தில் அறிவிப்பு,
அதையும் யாரோ கண்டுபிடித்து
தெற்கிலிருந்து முதல் பஸ்ஸில் ஆறு பேர் வந்துவிட்டார்கள்.
மார்லேன் லாபோன் பேச எழுந்தாள்,
பாறை இடுக்கில் ஆக்டோபஸ் குத்துகிறவள்,
கையில் புத்தகம் இல்லை, நீல நைலான் கயிறு.
ஒரு முனையைத் தலைவர் மேசைக் காலில் கட்டினாள்.
மறுமுனையோடு நடந்தாள்.
வாசலைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி,
படியிறங்கித் தெருவைக் கடந்து
தால் பூரி வண்டியருகே கயிறு விறைத்தது.
அங்கிருந்து கிரியோலில் கத்தினாள்:
"நாற்பத்தைந்து இங்கே நிற்கிறது!
உங்கள் இயன்றவரை எங்கே நிற்கிறது?
யாராவது வந்து பிடித்துக் காட்டுங்கள்!"

ஹோட்டல்காரர் ஒருவர் சிரித்தார், பாதியில் விட்டார்.
கார்கள் ஹார்ன் அடித்தன.
சின்னத்தம்பூ குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.
படகுக்காரர் முடிச்சு, வரவில்லை.
என் கத்திரியைக் கேட்டு வாங்கினார்.

ஆறாம் வரைவிலும் அந்தச் சொல் இருந்தது.
ஆனால் அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி:
இயலாதெனில் காரணத்தை எழுதி
அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும்.
தொலைபேசியில் படித்துக் காட்டினேன், சொல்லக் கூடாதுதான்.
"மீனைக் கேட்டோம், செதிலைத் தந்திருக்கிறார்கள்"
என்றாள் மார்லேன். பிறகு,
"சரி, செதிலும் மினுங்கும்."

அக்டோபரில் முதல் கோப்பு வந்தது.
தெற்கே ஒரு விரிகுடா.
கடலுக்கும் சுவருக்கும் இடையே பதினோரு மீட்டர்.
காரணம் என்ற கட்டத்தில்
முத்திரையோடு, கையெழுத்தோடு, எழுதியிருந்தது:
இயலவில்லை.

ஒட்டச் சொல்லி என்னிடம் தந்தார்கள்.
எங்கே ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.
எத்தனை நாள் என்று சொல்கிறது.
எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று
நான் ஆறு முறை தட்டச்சு செய்த அந்தச் சட்டத்தில்
ஒரு வார்த்தை இல்லை.

எல்லோரும் போன பிறகு அச்சுப்பொறியை முடுக்கினேன்.
தாளுக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் பதினான்கு தாள்.
பலகை போதவில்லை.
சுவரிலும் ஒட்டினேன்,
இயன்றவரை.