சிவப்புக் கூடை

ரெலாவ் அடுக்குமாடி, பதினான்காவது மாடி.
இரவு பதினொன்றரை.
டிக். டிக். ஒரு மூச்சு. டிக்.

பாயான் லெப்பாஸில் ஒன்பது வருடம்
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்
ஹார்ட் டிஸ்க் சோதித்து அனுப்பியவள் நான்.
அந்தச் சத்தம் வந்தால் சிவப்புக் கூடை.
யோசிக்கவே கூடாது.

"ஐஸ் பெட்டியில வச்சுப் பாரேன்" என்கிறார் தவசீலன்,
"என் மாமன் மகன் வச்சானாம்."
மீனுக்குப் பக்கத்திலா?

கேபிளை மாற்றினேன்.
வேறு துளையில் செருகினேன்.
பவர் சப்ளையைக் கழற்றி
பக்கத்து வீட்டு ஆ லெங் மகனுடையதை மாட்டினேன்.
தட்டவில்லை.
தட்டுகிறவர்கள் பிறகு அழுவார்கள்.

ஒன்று நாற்பதுக்கு
திரையில் டி டிரைவ் முளைத்தது.
எவ்வளவு நேரம் இருக்கும், தெரியாது.
எதை முதலில் எடுப்பது?

கை யோசிக்கவில்லை:
கூட்டுப் பணக் கணக்கு.
பன்னிரண்டு பெண்கள், மாதம் இருநூறு வெள்ளி,
கோகிலவாணி இன்னும் எடுக்கவில்லை.
அடுத்து வருமான வரி.
அடுத்து மகளின் பள்ளி அறிக்கை, தவளையின் இதயம்,
பாதி வரைந்தது.
அவர் பின்னால் நின்று
ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீடியோ கடைசியில்தான்.
ஐந்து பாகம்.
இரண்டு வந்தது. மூன்றாவதில்
டிக். டிக்.
பிறகு அதுவும் இல்லை.

விடியற்காலை போட்டுப் பார்த்தோம்.
மணவறையில் அவர்
வியர்த்து உட்கார்ந்திருக்கிறார்.
நான் இன்னும் வரவேயில்லை.

"நல்லா யோசிச்சுக்கோ" என்றார்,
கோப்பியை நீட்டி.