மூன்றாம் பாட்டில் சாகிறவள்

ஆண்கள் பாதிப்பேர் தங்குகடலில்.
திரும்ப இன்னும் பதினெட்டு நாள்.
கோடிமுனைத் திருவிழாவோ வெள்ளிக்கிழமை.
ஆகவே இசைநாடகத்தின் டச்சுப் படைக்கு
மகளிர் குழுவிலிருந்து ஒன்பது பேரை எடுத்தார்
ததேயுஸ் மாஸ்டர்.

வசனம் இல்லை. பாட்டும் இல்லை.
இடப்பக்கமிருந்து வர வேண்டும்,
டிரம்ஸ் எகிறும்போது துப்பாக்கியைத் தூக்க வேண்டும்,
மூன்றாம் பாட்டின் இரண்டாம் சரணத்தில்
விழ வேண்டும்.
அதன்பின் பதினோரு நிமிடம் பிணம்.
"பொணத்துக்கு ஒரு வேலைதான்," என்றார் மாஸ்டர்,
"அனங்கப்பிடாது."

உயரம் பார்த்து நிறுத்தியதில்
எனக்குப் பக்கத்தில் மெற்றில்டா.
நாலு வருஷமாய் நாங்கள் பேசுவதில்லை.
குழுக்கணக்கில் ஆறாயிரத்து நானூறு குறைந்த அன்று
அவள் என்னைப் பார்த்தாள்,
நான் அவளைப் பார்த்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.
பணத்தை வங்கிகூட மறந்துவிட்டது.

குளச்சல் சண்டையில்
பனந்தடிகளை மாட்டுவண்டியில் சாய்த்து
பீரங்கி என்று காட்டினார்களாம்.
ஒத்திகை முழுக்க
அந்தப் பனைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
வெடிக்கத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.
தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு
எண்ணிக்கையில் ஒன்று கூடினால் போதும்.

வெள்ளிக்கிழமை,
நாகர்கோவிலிலிருந்து வாடகைக்கு வந்த புகை மெஷின்
முதல் பாட்டிலேயே எல்லாப் புகையையும் கக்கித் தீர்த்தது.
தலையில் ஐஸ் பெட்டித் தெர்மோகோலில் வெட்டிய தொப்பி.
வீட்டுக்காரர் கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டை,
இடுப்பில் வலைக்கயிறு.
மீசைப் பசை காந்தியது.

விழுந்தேன். நன்றாகவே விழுந்தேன்.
கண்ணை மூடுமுன் பார்த்துவிட்டேன்:
மெற்றில்டா தப்பான பக்கம் விழுந்திருந்தாள்,
என் முகத்துக்கு நேராக.
நடுவில் ஒரு சாண்.
அவளுக்க மூச்சில் கிராம்பு வாசம்.
பல்வலி போல.

மேலே மகாராஜா வெற்றிப்பாட்டு பாடினார்.
மற்ற நாளில் அவர் ஐஸ் பிளாண்டில் ஆபரேட்டர்.
பலகை அதிர, விலா எலும்புக்குள் வந்து அடித்தது டிரம்ஸ்.
என் இமையில் ஒரு கொசு உட்கார்ந்தது.
நான் பிணம்.
குடிக்கட்டும்.

அப்போது
பக்கத்தில் செத்துக்கிடந்தவள்
உதடு அசையாமல் ஊதினாள்.
சின்னக் காற்று, கிராம்புக் காற்று.
கொசு போயிற்று.

"மீசை எளகுது ஏட்டி."

"ஒனக்குந்தான்."

அதோடு எங்கள் வயிறு குலுங்கத் தொடங்கியது.
பல்லைக் கடித்தேன், கர்த்தரின் பாடுகளை நினைத்தேன்,
முன்வரிசையில் ஒரு பயல் கத்தினான்:
"எம்மா, அந்தப் பொணம் சிரிக்கு!"

பாட்டு முடிந்தது. கைதட்டும் முடிந்தது.
திரை மட்டும் வரவில்லை.
கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது என்று
பிறகு சொன்னார்கள்.
மகாராஜா உள்ளே போய்விட்டார்.
நாங்கள் கிடந்தோம்.
மைக்கை யாரோ அணைத்திருக்க வேண்டும்,
கடல் கேட்டது.
ஆறாயிரத்து நானூறைப் பற்றிப் பேச
நல்ல நேரம்தான் அது.
பேசவில்லை.

மறுநாள் ஏலக்கூடத்தில்
எதிரெதிரே நின்றோம், வழக்கம்போல.
என்னைத் தாண்டி எங்கோ பார்த்து
சாளைக்கு விலை கூவிக்கொண்டிருந்தாள்.
அவள் மூக்குக்குக் கீழே
பசை உரித்த சிவப்புத் தடம்,
மீசை அகலத்துக்கு.

நான் என் உதட்டின்மேல் தொட்டுப் பார்த்தேன்.
மீன்கை. உப்பு.
எரிந்தது.