பதினேழு திருகாணிகள்

புந்தா அரேனாஸில் காற்று மிரட்டும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொண்டு போக.
அப்படியொரு நாளில்தான் பலகை வாங்கப் போனேன்.
ஒரு கையில் கயிறு.
மறு கையில், பின்பக்கம் அளவு குறித்த
சால்மன் ஆலையின் சம்பளச் சீட்டு.

தேனுகா தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
கட்டில் நூற்று அறுபது.
மிச்ச அறுபத்திரண்டை
எந்த ஊரில் வளர்ந்து நிரப்புவாள் என்று
சீட்டில் குறிக்கவில்லை.

மரக்கடை மிலென்காவின் கொள்ளுத்தாத்தா
குரோவேஷியாவிலிருந்து கப்பலேறி வந்தவராம்,
இரண்டே குளிர்காலம், திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி.
பலகையை முட்டியால் தட்டியபடி கேட்டாள்:
"பசையா, திருகாணியா?"
என்ன வித்தியாசம் என்றேன்.
"பசை போட்டால் கட்டில்.
திருகாணி போட்டால் சாமான்."

என் ஒப்பந்தம் இரண்டு வருடம்.
பதினாறு திருகாணி, அறுகோணச் சாவி ஒன்று என்றேன்.
பதினேழு எண்ணிப் போட்டாள்.
"ஒன்று எப்படியும் தொலையும்."

ஹீட்டர் எரிவது அடுப்படியில் மட்டும்,
அதனால் அறுத்ததும் இழைத்ததும் அங்கேயே.
மூன்று வாரம் ரசத்தில் மரத்தூள் மிதந்தது.
லெங்கா மரம் உள்ளே சிவப்பு.
வெங்காயத் தோல் போல் சுருண்டு விழும்.
சுருள்களைக் காதில் மாட்டிக்கொண்டு தேனுகா
அடியில் பெங்குவினுக்கு இடம் விடச் சொன்னாள்.
எத்தனை பெங்குவின்?
விரல்களைப் பார்த்து யோசித்தாள்.
"ஒண்ணு. ஈரமா இருக்கும்."
கட்டில் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தது.

ஒரு காலைத் தலைகீழாகத் துளைத்தேன்.
பிறகு, நம்ப மாட்டீர்கள், இன்னொன்றையும்.
வான்மதி ஒன்றும் சொல்லவில்லை.
டீ டம்ளரை மட்டும்
கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

பிள்ளைக்கு அது 'காமா'தான்,
பள்ளியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.
கட்டில் என்று சொல்லு என்று பிரித்துக் காட்டினேன்:
கட்டு. இல்.
ஒரு வீட்டைக் கட்டு.
வான்மதி திரும்பாமலே சொன்னாள்,
"கட்டு இல்லாட்டியும் கட்டில்தான்."

டிசம்பரில் அவள் அறையில் கொண்டுபோய்ப் பூட்டினேன்.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத மாதம்.
ஜலசந்தியிலிருந்து காற்று வந்தால்
வீடு முனகும், கூடவே கட்டிலும்.
மாதம் ஒருமுறை சாவியால் முடுக்கினேன்.
பிறகு எப்போதோ அது முனகுவதை நிறுத்தியது.
மரம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஜூனில் கடிதம் வந்தது.
அடுத்து நார்வே, ஆகஸ்டுக்குள்.
இன்று பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில்
ஒத்திகை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.
ஒன்று, இரண்டு, ஏழு,
உள்ளங்கையில் மொத்தம் பதினாறு.

கட்டில் நிற்கிறது.

தட்டினேன். உலுக்கினேன்.
தரையில் படுத்து, பெங்குவின் இடத்தில் தலையை நுழைத்துப் பார்த்தேன்.
எல்லா மூட்டிலும் மெல்லிய மஞ்சள் கோடு.
துடைக்க மறந்த ஒரு துளி
வழிந்து, காய்ந்து, கெட்டியாகிவிட்டது.
அதில் ஒரு விரல் ரேகை.
என் விரல் அத்தனை மெலிது அல்ல.

எந்த இரவு?
ஆலையின் உறைபெட்டி பழுதாகி
நான் விடியும்வரை வராத இரவுகள் நிறைய.
பதினாறையும் கழற்றி, தடவி, பொருத்தி,
பதினாறையும் மறுபடி முடுக்கி,
சாவியை எடுத்த இடத்திலேயே வைத்து,
காலையில் எனக்குத் தோசை வார்த்திருக்கிறாள்.

இந்த அறைக் கதவின் அகலம் எழுபத்தாறு.
கட்டில் எண்பது.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நிற்கிறது.
"டீ போடவா?"

திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுகிறேன்,
இனி எதையும் பிடிக்க வேண்டாத துளைகளில்.
டிராயரில் கடிதத்துக்குப் பக்கத்தில்
பதினேழாவது இன்னும் தொலையாமல் கிடக்கிறது.

"போடு" என்றேன்.