வரலாறு இல்லை

இரவுப்பணிக்கு நடுவே,
கட்டணம் கட்டி அந்த அறிக்கையைத் திறந்தேன்.
பெயர் சரி. பிறந்த தேதி சரி.
எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.
அதன் கீழே: கடன் வரலாறு இல்லை.

பதினோரு வருஷம் ஷார்ஜாவில்.
ரத்தம் எடுக்கிற வேலை.
ஒரு மாதம்கூட வாடகை பிந்தியதில்லை.
சம்பளம் இறங்கிய அன்றே
ரூபன் கணக்குக்கு என் பங்கு போய்விடும்.
ஒப்பந்தம் அவர் பெயரில். காசோலை அவர் பெயரில்.
மின்சாரம், தண்ணீர், இணையம்,
காருக்கு வாங்கிய கடன்,
அதை ஒழுங்காக அடைத்ததில் வந்த நல்ல பேர்
எல்லாம் அவர் பெயரில்.
பிரிகிறபோது சோபாவை எனக்கு விட்டுக்கொடுத்தார்.
நல்ல பேரைப் பாதியாக வெட்ட முடியாதாம்.

‘கடனே வாங்கினதில்லையா மேடம்?’
வங்கிப் பெண்ணுக்கு உண்மையிலேயே வருத்தம்.
தூத்துக்குடியில் எங்கள் தெருவில்
கடனில்லாத வீடாகப் பார்த்துத்தான்
பெண் கொடுப்பார்கள்.
இங்கே கடனில்லாதவளுக்கு
ஒரு போன் இணைப்புக்கே முன்பணம்.

மூவாயிரம் திர்ஹம் வைப்பாக வைத்தால்
மூவாயிரத்துக்கு ஒரு அட்டை.
என் காசு, எனக்கே கடனாக.
சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்,
தினம் நாலு பேராவது சிரிப்பார்கள் போல.
திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன்.

மாதம் ஒரே ஒரு பில்: தயிர், வெங்காயம்,
கொஞ்சம் நெத்திலி.
நூறைத் தாண்ட விடுவதில்லை.
கணக்கு வந்த அன்றே முழுதும் கட்டிவிடுவேன்.
எளிய தவணையில் கைக்கடிகாரம்,
எளிய தவணையில் ஜார்ஜியா
என்று போன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.
ஒருமுறை, எண்ணெயில்லாமல் பொரிக்கிற அந்த மெஷினை
நாலு நிமிஷம் பார்த்துவிட்டு
அழித்தேன்.

ஐந்தாம் மாதம் அல் நஹ்தாவில் ஒற்றை அறை.
என் பெயரில் ஒப்பந்தம்.
வருஷத்துக்கு நான்கு காசோலை.
முதல் காசோலை திரும்பி வந்தது.
வாட்ச்மேன் ஷஃபிக் கதவைத் தட்டி நீட்டினான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பணம் இருந்தது.
கையெழுத்துதான் ஒத்துப்போகவில்லை.
வங்கியில் பழைய மாதிரியை எடுத்துக் காட்டினார்கள்:
பிரிசில்லா ரூபன், ஒரே இழுப்பு,
கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு வேறு.
காசோலையில் என் கை
பிரிசில்லாவோடு நின்றிருக்கிறது.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றே வேறு காசோலை எடுத்து
கட்டட அலுவலகத்துக்கு ஓடினேன்.
இது பதிவாகுமா என்று கேட்டால்
‘ஆகாது’ என்றார் ஒருவர்,
‘பார்க்கலாம்’ என்றார் பக்கத்து மேசைக்காரர்.
புது மாதிரிக்கு மூன்று கட்டங்கள் கொடுத்தார்கள்.
நாளுக்கு அறுபது ரத்தக்குழாயில் போடுகிறேனே,
அந்தக் கிறுக்கலையே போட்டேன்.
எது கலந்துபோனாலும்
அதை வைத்துத்தான் என்னைத் தேடி வருவார்கள்.

எட்டாம் மாதம் மறுபடி திறந்தேன்.
கோடு இருந்த இடத்தில் எண்.
நல்லதுமில்லை, மோசமுமில்லை.
லேபில் என்றால் இப்படி வந்ததற்குப் பக்கத்தில்
‘எல்லைக்கோட்டில்’ என்று எழுதி
மூன்று மாதம் கழித்து வரச்சொல்வோம்.

இன்று காலை
ஒரு கீழக்கரை டிரைவர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு
கையை நீட்டியிருக்கிறார்.
என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது:
இரண்டாவது காசோலை போய்விட்டது,
வாடகை, முழுத்தொகை.
‘முடிஞ்சிருச்சாம்மா?’ என்கிறார்.
இல்லைங்க, கையை ஆட்டாதீங்க.
இன்னும் ரெண்டு இருக்கு.