பச்சைச் செங்கல்

மோராவில் மூன்று நாள் மழை.
எர்லிண்டா கின்டானாவின் வடக்குச் சுவர்
இடுப்பளவுக்குக் கரைந்து கிடக்கிறது.

காப்பீட்டுக்காரன் பிஷோய், அஸ்யூத்தில் பிறந்தவன்,
படிவத்தோடு வந்து கேட்டான்:
சுவர் எதனால் ஆனது?
"அதோபே."

குனிந்து ஒரு கட்டியைப் பிளந்தான்.
வைக்கோல். ஒரு குதிரைமயிர்.
யாரோ அழுத்திய கட்டைவிரலின் குழி.
"தூப்" என்றான், தன்னை அறியாமல்.

நைல் வண்டலில் பிறந்த சொல் அது.
பழைய எழுத்தர்கள் மெய்யை மட்டும் எழுதிவைத்தார்கள்;
உயிர் அவரவர் வாயோடு போயிற்று.
அரபி முன்னால் ஓர் 'அத்' பூசியது.
அது பூச்சு என்று தெரியாத ஸ்பானியம்
மேலே இன்னொன்றைப் பூசியது: எல் அதோபே.
அந்த அந்தக் கல்.

கப்பலேறி இங்கு வந்தபோது
மண்சுவர்கள் ஏற்கெனவே நின்றிருந்தன.
பிகுரிஸ் மக்கள் அவற்றை எப்படி அழைத்தார்கள்?
படிவம் கேட்கவில்லை.
எர்லிண்டாவுக்கும் தெரியாது.

"அடுப்படியில் இறைச்சி ஊறும் அதோபோவும்
இதுவும் ஒன்றுதானே?" என்றாள்.
இல்லை. அது வேறு வீட்டுப் பிள்ளை,
முகஜாடை மட்டும்தான்.
அவனுக்கு அது தெரியாது. தலையாட்டி வைத்தான்.

மரம், செங்கல், கான்கிரீட், மற்றவை.
மற்றவையில் குறியிட்டான்.
வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது
என்பதைக் கடைசியில்தான் சொன்னான்.

அதற்குள் அவள்
விழுந்த சுவரை வாரித் தொட்டியில் கொட்டியிருந்தாள்.
"அந்தக் குழாயைத் திற" என்றாள்.
திறந்தான்.