எச் என்கிற ஒற்றை எழுத்து

மேய்டன் வார்ஃபில் சர்க்கரை ஏறும் இரவு.
மூன்றாம் குதிரின் அடியில் பெல்ட் ஓடுகிறது.
சிவப்புப் பொத்தானை அமுக்கினால்
பத்து மில்லிசெகண்டுக்குள்
பிரேக்குக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்.
நேரடி ஒயரை உப்புக்காற்று தின்று
எல்லாம் கணினி வழியே என்றாகி நாலு வருஷம்.
நேற்று நானூற்றுப் பன்னிரண்டு ஆனது.
அந்த இடைவெளியில்
லிண்டானியின் கையுறை உள்ளே போனது.
கையுறை மட்டும்.

அதனால் நான் இங்கே,
மடியில் லேப்டாப், காதில் பஞ்சு,
பல்லிடுக்கில் இனிக்கும் தூசி.

கெர்னலுக்குள் வேலையாட்களுக்குப் பெயர் கிடையாது.
எந்த சிபியூ, எத்தனையாவது ஆள்,
இரண்டு எண்கள், அவ்வளவுதான்.
அவசரக்காரன் என்றால் வாலில் ஒரு எச்.
எச் வந்தால் மற்றவர்கள் எழுந்து இடம் விட வேண்டும்.
அவனுடைய நைஸ் மதிப்பு மைனஸ் இருபது.
நல்ல குணம் குறையக் குறைய முன்னால் போகலாம்.
இந்த விதியை வகுத்தவர்
டர்பனில் மினிபஸ் டாக்சி ஓட்டியிருப்பார்.

எண்ணினேன்.
முப்பத்தேழு வேலைகள் எச் வாங்கியிருந்தன.
எடைமானிக்கு ஒன்று. ஈரமானிக்கு ஒன்று.
வருஷத்துக்கொரு முறை வாய் திறக்கும் பிரின்டருக்கு ஒன்று.
திரையோரம் கம்பெனி லோகோ மினுங்க
அதற்குமொன்று.
எல்லோரும் பல்லக்கில் ஏறியாயிற்று.
'நிறுத்து' என்கிற சொல்
அந்தப் பல்லக்குகளின் வரிசையில்
கடைசியாக நின்றுகொண்டிருந்தது,
ஹோம் அஃபேர்ஸ் ஆபீசில்
ஐடி கார்டுக்கு வந்தவள் மாதிரி.

ஒவ்வொன்றாக எச்சைப் பிடுங்கினேன்.
பதினான்காவதைப் பிடுங்கும்போது
ஜோபர்க்கிலிருந்து ஹென்னி கூப்பிட்டான்.
மிஸ் படையாச்சி, எங்கள் எடைமானி ரொம்ப முக்கியம்.
முக்கியம்தான் ஹென்னி.
கப்பலுக்கே கணக்கு அதுதான்.
ஆனால் எடை காத்திருக்கும்.
விரல் காத்திருக்காது.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, மின்னஞ்சலில் எழுதி அனுப்பு என்றான்.

ஒரே ஒரு எச் மிச்சம். சோதித்தேன்.
நூற்றுத் தொண்ணூறு.

திட்டிவிட்டு வெளியே வந்தேன்.
சரியாக இரண்டு மணி. ஸ்டேஜ் நாலு.
குடாவுக்கு அப்பால் ப்ளஃப் அணைந்தது,
பிறகு வேறெங்கோ ஒரு பகுதி,
பிறகு சாட்ஸ்வொர்த்தும் போயிருக்கும்,
என் ஃப்ரீசரும் அதிலிருக்கும் அரைக்கிலோ இறாலும்.
எங்கள் தெரு எச் இல்லாத தெரு.
ஆஸ்பத்திரி ஜன்னல்கள் மட்டும் எரிந்தன.
சர்க்கரைக்கும் எரிந்தது.
சர்க்கரைக்கு எச் கொடுத்தது யார் என்று
யாரிடம் கேட்பது.

திரும்பி வந்து தேடியதில் அகப்பட்டான்:
லாக் எழுதும் ஒரு கடைநிலை த்ரெட்.
பூட்டை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவனை
இடையில் வந்தவர்கள் தள்ளிவிட்டுப் போக,
அவன் எழுந்து பூட்டைத் திறக்கட்டும் என்று
ராஜா வாசலில் நிற்கிறார்.
அவன்மேல் தப்பில்லை.
அவனுக்கு முறையே வரவில்லை.

இதற்கு மருந்து பழையது.
சாவி கையிலிருக்கும் வரை
காத்திருப்பவரின் பட்டத்தை அவனுக்கே இரவல் கொடு.
அரை மில்லிசெகண்டு அரசாட்சி.
திறந்ததும் பறித்துக்கொள்.
அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது.
ஒரு வரி மாற்றினேன்.

ஒருவனை மட்டும் தொடவில்லை.
இயந்திரம் கண்விழிக்கும்போதே பிறந்து,
மெமரி வற்றிப் புது ஆள் எடுக்க வழியற்ற நாளுக்காகத்
தூங்கிக்கொண்டே இருக்கும் மீட்பாள்.
பதிவில் அவன் இதுவரை ஓடிய நேரம்: பூஜ்யம்.
ஹென்னி இவனைப் பார்த்தால் தண்டச்சோறு என்பான்.
இருக்கட்டும்.

விடிவதற்கு முன் லிண்டானியை அழைத்தேன்.
அமுக்கு.
எட்டு.
அமுக்கு.
ஏழு.
போதும் என்றேன். அவனுக்குப் போதவில்லை.
வெறும் கையால் பதினொரு முறை அமுக்கினான்.
பெல்ட் ஒவ்வொரு முறையும் நின்றது,
மேலிருந்த சர்க்கரை
கொஞ்சம் முன்னால் சரிந்து நின்றது.
பிறகு பையிலிருந்து
புதுக் கையுறையை எடுத்தான்.
மாட்டிக்கொள்ளவில்லை.
உள்ளே ஐந்து விரலும் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.