உப்பு வண்டி

மில்லிஸ் டைனரின் கதவுக்குப் பூட்டே கிடையாது.
முப்பத்தோரு வருஷமாய் மூடாத கடைக்குப்
பூட்டு எதற்கு?
மில்லி யாரென்று கேட்டால்
லெஃப்டெரிஸ் தோளைக் குலுக்குவார்:
"பலகையோடு சேர்த்து வாங்கினேன், அவ்வளவுதான்."

பஃபலோ நகரசபையில் பனி தள்ளும் வண்டி என்னுடையது.
முன்னால் கலப்பை. பின்னால் ஆறு டன் உப்பு.
உழுதுகொண்டே போவேன்,
விதைப்பதெல்லாம் உப்பு.
ஈரி ஏரியிலிருந்து வரும் காற்று
கதவைத் தட்டாது, அறையும்.
நாலு மணிக்குத் தெருமுனையில்
மஞ்சளாய் ஒரு ஜன்னல் தெரியும்.
வண்டி தானாக நிற்கும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.
காபி கழுநீர்.
உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கரி,
மறுபக்கம் பச்சை.
ஆனால் வெர்னா,
நான் கையுறையைக் கழற்றி முடிக்குமுன்
கோப்பையை என் விரல்களுக்குள் திணித்துவிடுவாள்.
குடிக்க அல்ல,
பிடித்துக்கொள்ள.

மூன்றாவது மேஜையில்
பணி முடிந்த நர்ஸ் இமோஜீன்,
காலணியைக் கழற்றிவிட்டு
எதிர் இருக்கையில் பாதங்களை உட்காரவைத்திருப்பாள்.
ரொட்டி லாரி ததேயுஷ்
ஒரே செய்தித்தாளை
வாரம் முழுவதும் படிப்பான்.
நாங்கள் அதிகம் பேசியதில்லை.
ததேயுஷுக்கு மகள் இருந்தாள் என்பதே
அவள் கல்யாணப் பத்திரிகையை
கெட்சப் புட்டியின் கீழ் வைத்துவிட்டுப் போனபோதுதான் தெரியும்.

ஒரு பிப்ரவரியில்
லெஃப்டெரிஸின் மனைவி எவாந்தியா இறந்தாள்.
ஒரே ஒரு நாள் மூட வேண்டும்.
சாவியைத் தேடினார்.
கல்லாவில், மாவு டின்னில், பழைய கோட்டின் பையில்.
பிறகு கதவருகே போய்க் குனிந்து பார்த்தார்.
துளையே இல்லை.
இமோஜீன் முதலில் சிரித்தாள்,
சிரிப்பு பாதியில் உடைந்தது.
"போங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்றேன்.
அன்று என் விடுமுறை.
ததேயுஷ் காபி ஊற்றினான்.
நான் பத்தொன்பது முட்டைகளை உடைத்தேன்,
எட்டு மட்டும் முழுசாய்த் தட்டுக்குப் போயின.
கல்லாவில் நாலு டாலர் குறைந்தது.
யாரும் கேட்கவில்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை.
முதலில் சாம்பல் கிண்ணங்கள் போயின; நல்லது.
பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் சுழன்ற எலுமிச்சைப் பை.
பிறகு லெஃப்டெரிஸே,
புளோரிடாவுக்கு, முழங்கால் வலியோடு.
வாங்கியவர்கள் நல்லவர்கள்,
அதுதான் என் சிக்கல்.
டெவின், மார்கிட், இளம் ஜோடி.
சுவரைச் சுரண்டி
உள்ளேயிருந்த செங்கல்லைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள்.
பலகையில் இப்போது ஏதோ தானியத்தின் பெயர்.
காலை எட்டு முதல் மதியம் மூன்று.
அவர்கள் செய்த முதல் வேலை
கதவில் துளை போட்டது.

வெர்னா இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள்.
கேட்டபின் ஊற்று என்றார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.
பகல் வெளிச்சத்தில்
அந்தத் தரை பச்சை என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
காபி நன்றாக இருந்தது.
சொல்லவே எரிச்சலாக இருக்கிறது,
அவ்வளவு நன்றாக.
"முதல் தடவையா வருகிறீர்கள்?" என்றாள் மார்கிட்.
ஆமாம் என்றேன்.

இந்த ஊருக்கே உப்பிட்டவன் நான்.
யாரும் நினைத்ததில்லை, நினைக்கவும் வேண்டாம்.
எனக்கு உப்பிட்டது இந்த வாசல்.

நேற்று நாலு மணி.
பழக்கத்தில் நிறுத்தினேன்.
இறங்கி, படியில்
இரண்டு கை உப்பு அதிகமாய்த் தூவினேன்.
சாவித் துளைக்குள் பனி அடைத்திருந்தது.
வண்டியின் மேல் விளக்கு சுழன்று சுழன்று
ஜன்னலை ஒரு நொடி மஞ்சளாக்கியது,
அணைத்தது,
மீண்டும் மஞ்சளாக்கியது.

வயர்லெஸ்ஸில் புதுப் பையன்:
"எங்கே நிற்கிறீர்கள்?"
"மில்லிஸில்."
"எந்த மில்லி?"

தோளைக் குலுக்கினேன்.
வயர்லெஸ்ஸில் அது கேட்காது.